மன்னிப்புப் பெற்ற பிறகும் திருப்பிக் கொடுக்க வேண்டியவை

பாஸ்கா எனும் உயிர்ப்பு விழாவுக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலம் பிறந்தாலே நம் பேச்சு சாப்பாட்டைச் சுற்றியே ஓடுகிறது. எந்த நாளில் இறைச்சி கூடாது, மருந்து சாப்பிட்டால் ஒருசந்தி (ஒருவேளை மட்டும் முழுச் சாப்பாடு உண்ணும் நோன்பு) முறியுமா, ஞாயிறும் நோன்பா என்று கேட்கிறோம். கேட்க வேண்டியவைதான், ஆனால் பதில் சுருக்கமானது. தவக்காலத்தின் முதல் நாளான திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும் ஒருசந்தி நாள்கள். 18 வயது நிறைந்தவர்கள், 59 வயது நிறையும் வரை கடைப்பிடிக்க வேண்டும். ஒருவேளை முழுச் சாப்பாடு. மற்ற இரண்டு வேளை கொஞ்சமாகச் சாப்பிடலாம், இரண்டும் சேர்ந்து ஒரு முழுச் சாப்பாட்டின் அளவுக்குப் போகக் கூடாது. இறைச்சியைத் தவிர்க்கும் சுத்தபோசனம் 14 வயது நிறைந்த எல்லோருக்கும் உண்டு. திருநீற்றுப் புதன் முதல் புனித சனி வரை 46 நாள், அதில் ஆறு ஞாயிறுகளைக் கழித்தால் 40. நோயாளிகளையும் கர்ப்பிணிகளையும் இந்தச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. சர்க்கரை நோய் உள்ளவர் மாத்திரையை நிறுத்திவிட்டுப் பட்டினி கிடப்பதைத் திருச்சபை யாரிடமும் கேட்கவில்லை.

ஒருசந்தியில் மிச்சமாகும் காசு எங்கே போகிறது என்று மட்டும் பாருங்கள். நோன்பிருப்பவன் உண்ணாமல் விட்டது ஏழையின் உணவாக வேண்டும் என்று ஐந்தாம் நூற்றாண்டிலேயே திருத்தந்தை பெரிய லியோ பிரசங்கித்தார். அந்தக் காசு நம் பையிலேயே தங்கினால் நடந்திருப்பது சிக்கனம்.

ஒரு குருவாக என் கவலையெல்லாம் பாவசங்கீர்த்தனத்தை, அதாவது குருவிடம் பாவங்களை அறிக்கையிட்டு மன்னிப்புப் பெறுவதைப் பற்றியது. பலர் ‘பொய், கோபம், பொறாமை, கெட்ட எண்ணம்’ என்று நான்கு சொல்லில் முடித்துவிடுகிறார்கள். அந்தப் பட்டியல் உலகில் யாருக்கும் பொருந்தும். சாவான பாவங்களை, அதாவது தெரிந்தும் மனமொப்பியும் செய்த கனமான பாவங்களை, வகையும் எண்ணிக்கையும் சொல்லி அறிக்கையிட வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம் (எண் 988). எண்ணிக்கை துல்லியமாகத் தெரியாவிட்டால் ‘ஒரு வருடமாக, வாரத்துக்கு ஒருமுறை போல’ என்றால் போதும். பாவத்தின் தன்மையையே மாற்றும் சூழ்நிலையையும் சொல்ல வேண்டும். ‘பணம் எடுத்தேன்’ என்பது வேறு, ‘வேலை செய்தவருடைய கூலியைப் பிடித்து வைத்துக்கொண்டேன்’ என்பது வேறு. அந்தக் கூலியே கூக்குரலிடுகிறது என்கிறது யாக்கோபின் திருமுகம். ஆனால் கூடப் பாவம் செய்தவரின் பெயரைச் சொல்லத் தேவையில்லை, குருவும் அதைக் கேட்கக் கூடாது. கணவரின் குறையும் மாமியாரின் குறையும் அவரவர் வந்து சொல்ல வேண்டியவை.

மறந்துபோன பாவத்துக்கும் மன்னிப்பு உண்டு, கனமானதாக இருந்தால் அடுத்த முறை சொல்லுங்கள். வெட்கப்பட்டு வேண்டுமென்றே மறைத்தால் அந்தப் பாவசங்கீர்த்தனமே செல்லாது. கேட்டதை வெளியே சொல்வது குருவுக்கு எந்தச் சூழ்நிலையிலும் தடை. நேரடியாக மீறுபவர் அந்தச் செயலாலேயே திருச்சபைக்குப் புறம்பாகிறார். ஆகவே மறைக்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

எல்லாவற்றையும்விட அதிகம் தவறுவது இதற்குப் பிறகுதான். பாவமன்னிப்பு குற்றத்தைப் போக்குகிறது. பாவம் விளைவித்த சேதம் அங்கேயே கிடக்கிறது. முறிந்த எலும்பைக் கூட்டிக் கட்டிய பிறகும் அந்தக் காலை ஊன்றி நடந்து பழக வேண்டியிருக்கிறது அல்லவா? திருடியதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், கெடுத்த பெயரை மீட்டுத் தர வேண்டும் என்று திருச்சபையின் மறைக்கல்வி நூல் (எண் 1459) வெளிப்படையாகவே சொல்கிறது.

பொருளானால் உரியவருக்கே போக வேண்டும். அவர் இறந்திருந்தால் வாரிசுகளுக்கு. யாரென்றே கண்டுபிடிக்க முடியாவிட்டால் ஏழைகளுக்கு. காணிக்கைப் பெட்டியில் போட்டுவிட்டேன் என்பது, உரியவர் கண்ணெதிரே இருக்கும்போது ஈடாகாது. மொத்தமாக முடியாதவர் தவணையாகக் கொடுக்கலாம். உங்களை வெளிப்படுத்திக்கொள்ளும் கட்டாயம் இல்லை, பெயர் தெரியாமலே பணம் போய்ச் சேர வழி உண்டு. தயங்கினால் குருவிடமே கேளுங்கள்.

பெயரைக் கெடுத்ததற்கு ஈடு செய்வது இதைவிடக் கடினம். சொன்னது பொய்யானால், யாரிடம் சொன்னோமோ அவர்களிடமே ‘நான் சொன்னது பொய்’ என்று சொல்ல வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் பரப்பியிருந்தால் அதே குழுவில். பதிவை நீக்கிவிட்டால் போதாது, படித்தவர்கள் மனத்தில் அது இன்னும் இருக்கிறது. சொன்னது உண்மையாக இருந்து, தேவையில்லாமல் ஒருவருடைய மறைவான குறையை வெளியிட்டிருந்தால் பொய் என்று மறுக்க முடியாது, அது இன்னொரு பொய்யாகிவிடும். அங்கே அவரிடம் உண்மையிலேயே உள்ள நல்லதை எடுத்துப் பேச வேண்டும், அந்தப் பேச்சைத் தொடராமல் நிறுத்த வேண்டும்.

இதில் குருக்களாகிய எங்களுக்கும் பொறுப்பு இருக்கிறது. பாவத்தின் தன்மைக்கும் அளவுக்கும் வந்தவரின் நிலைக்கும் ஏற்ற பரிகாரம் (ஈடாகச் செய்ய வேண்டிய செபமோ செயலோ) கொடுக்கச் சட்டம் (எண் 981) சொல்லும்போது, எல்லோருக்கும் மூன்று ‘அருள் நிறைந்த மரியே’ கொடுத்து அனுப்புவது சரியல்ல என்பது என் உறுதியான கருத்து. ஒரு வருடமாகத் தம்பியோடு பேசாதவருக்கு, இந்த வாரம் அவரை அழைத்துப் பேசுவதே பரிகாரமாக இருக்கட்டும்.

இப்படியெல்லாம் கேட்டால் இரக்கம் எங்கே என்று சிலர் நினைக்கலாம். நற்செய்தியில் வரும் வரிதண்டுபவரான சக்கேயுவைப் பாருங்கள். ‘இன்று உம் வீட்டில் தங்க வேண்டும்’ என்று இயேசு முதலில் சொன்னார். பாதிச் சொத்து ஏழைகளுக்கு, ஏமாற்றியதற்கு நான்கு மடங்கு என்று சக்கேயு பேசியது அதற்குப் பிறகு. பாவசங்கீர்த்தனத் தொட்டியிலும் அதே வரிசைதான். பரிகாரம் செய்து முடித்துவிட்டு வா என்று உங்களைத் திருப்பி அனுப்புவதில்லை. ஈடு செய்யும் மனது உண்மையாக இருந்தால் மன்னிப்பு அங்கேயே, அப்போதே கிடைக்கிறது. திருப்பிக் கொடுக்கும் துணிவே அந்த மன்னிப்பிலிருந்துதான் வருகிறது. 2013-இல் திருத்தந்தை பிரான்சிஸ், பாவசங்கீர்த்தன இடம் சித்திரவதைக் கூடமாகிவிடக் கூடாது என்று குருக்களுக்கு எழுதினார். அதை நாங்கள் மறக்கக் கூடாது.

ஒரு வேண்டுகோள். புனித வாரம் வரை காத்திருக்காதீர்கள். அப்போது வரிசை நீளமாக இருக்கும், ஆளுக்கு இரண்டு நிமிடம்கூடக் கிடைக்காது, பாஸ்காவுக்கு முன் ஈடு செய்ய நாளும் இருக்காது. இரண்டாம் வாரத்திலேயே வாருங்கள். முந்தின இரவு கால் மணி நேரம் அமர்ந்து, இந்த ஆண்டு என்னால் யாருக்கு என்ன இழப்பு என்று ஒவ்வொருவராக யோசியுங்கள். பல வருடங்களாக வராதவர்கள், பாவத்துக்காக வருந்திச் சொல்லும் மனஸ்தாபச் செபம் மறந்துபோனதே என்று தயங்க வேண்டாம். எத்தனை வருடம் ஆயிற்று என்று மட்டும் முதலில் சொல்லுங்கள், மற்றதைக் குருவானவர் கூடவே இருந்து சொல்லித் தருவார்.