பட்டாசு சைட்டை நம்பலாமா என்று கேட்பவர்களுக்கு

"வெப்சைட் போலியா என்று கண்டுபிடிக்கப் பத்து வழிகள்" என்று ஒரு ஃபார்வர்ட் வருஷா வருஷம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. சைட் முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் இருக்கிறதா பாருங்கள், எழுத்துப் பிழை இருக்கிறதா பாருங்கள், நம்ப முடியாத தள்ளுபடி என்றால் ஒதுங்குங்கள், முகவரியும் போன் நம்பரும் இருந்தால் பரவாயில்லை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தீபாவளி நேரத்தில் இந்தப் பத்தையும் எடுத்துக்கொண்டு போய் சிவகாசி பட்டாசு சைட்டுகளில் பொருத்திப் பாருங்கள், நிஜக் கடை ஃபெயிலாகும், டுபாக்கூர் பாஸாகும்.

முதலில் அந்தப் பூட்டு. அது இருந்தால் நீங்கள் தட்டுவதை நடுவில் யாரும் படிக்க முடியாது, அவ்வளவுதான் அர்த்தம். மறுமுனையில் உட்கார்ந்திருப்பவர் யோக்கியரா என்று அது சொல்லவே இல்லை. அதற்கான சான்றிதழை 2015 முதல் லெட்ஸ் என்க்ரிப்ட் மாதிரி அமைப்புகள் இலவசமாகவே தருகின்றன, திருடனும் சில நிமிஷத்தில் வாங்கிவிடுவான். ஜனங்கள் அதைத் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள் என்றுதான் கூகுளே 2023-இல் குரோமிலிருந்து பூட்டை எடுத்துவிட்டு வேறு படம் போட்டது. நம் வாட்ஸப் குரூப்புகளுக்கு மட்டும் அந்தச் சேதி இன்னும் வந்து சேரவில்லை.

அப்புறம் தள்ளுபடி. "80 சதவீதம் தள்ளுபடி என்றால் மோசடி" என்பது செருப்புக்கும் செல்போனுக்கும் சரியாக இருக்கலாம். சிவகாசி விலைப்பட்டியலைக் கையில் வாங்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே 80 சதவீதம் என்பது சாதாரணம். பட்டியலில் விலையைத் தூக்கிப் போட்டுவிட்டு அதில் குறைப்பது அந்தத் தொழிலின் பழக்கம். 500 ரூபாய் என்று போட்டு 100 ரூபாய்க்குத் தருவார்கள், அந்த 100-தான் உண்மையான விலை. அதனால் சதவீதத்தைப் பார்த்து மயங்கவும் வேண்டாம், பயப்படவும் வேண்டாம். லட்சுமி வெடி, 10 செ.மீ. கம்பி மத்தாப்பு, சங்கு சக்கரம் என்று நாலைந்து ஐட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, தள்ளுபடி போன பிறகு கையில் நிற்கும் விலை என்ன என்று மூன்று கடைகளில் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒருவர் மட்டும் எல்லாரையும்விடப் பாதி விலைக்குத் தருகிறார் என்றால் அங்கேதான் சந்தேகப்பட வேண்டும்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. ஆன்லைனில் பட்டாசு விற்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 23-இல் உத்தரவு போட்டது. அதனால் சிவகாசிக் கடைகள் என்ன செய்கின்றன என்றால், சைட்டில் எல்லாவற்றையும் கார்ட்டில் போட வைத்துவிட்டு, கடைசியில் 'ஆர்டர்' என்ற பட்டனுக்குப் பதிலாக 'விசாரணை' அல்லது 'எஸ்டிமேட்' என்று ஒரு பட்டன் வைக்கின்றன. "நீதிமன்ற உத்தரவை மதிக்கிறோம், நாங்களே போனில் கூப்பிட்டு உறுதி செய்வோம்" என்று கீழே ஒரு பத்தி. அந்தப் பத்தி எல்லா சைட்டிலும் கமா மாறாமல் ஒரே மாதிரி இருக்கும். அப்புறம் வாட்ஸப்பில் பில், யூபிஐயில் பணம், லாரி ஆபீஸில் பார்சல். இது சட்டத்துக்குச் சரியா என்பதை வக்கீல்கள் பேசட்டும், என் கவலை வேறு. நேர்மையான கடைக்காரரே முறையான பேமென்ட் கேட்வே இல்லாமல், வாட்ஸப்பில், முன்பணம் வாங்கி விற்கிறார். மோசடிக்காரனும் அச்சு அசலாக அதையேதான் செய்கிறான். அவன் அந்தப் பத்தியையும் காப்பி அடிப்பான், கடைப் படத்தையும் எடுத்துப் போடுவான், 'உரிம எண்' என்று ஒரு வரியையும் சேர்த்துக்கொள்வான், பார்க்கிறவருக்கு வித்தியாசம் எங்கே தெரியும்? 2024 தீபாவளிக்கு முன்னால் தமிழ்நாடு சைபர் கிரைம் பிரிவு போலி பட்டாசு சைட்டுகளைப் பற்றித் தனியாக எச்சரிக்கை வெளியிட்டது சும்மா இல்லை.

அதனால் நான் பார்ப்பது ஒன்றே ஒன்றுதான். ஏமாற்றுகிறவனுக்குக் காசு செலவில்லாமல் கிடைக்கக்கூடிய எதையும் நான் சாட்சியாக எடுத்துக்கொள்வதில்லை. அழகான டிசைன், பூட்டு, ஐந்து நட்சத்திர விமர்சனம், "1985 முதல்", சாமி படம், எல்லாமே மலிவு. அவனால் சுலபமாக ஜோடிக்க முடியாதது எது என்று தேட வேண்டும்.

என் அனுபவத்தில் இதற்கு நன்றாக வேலை செய்வது ஜிஎஸ்டி எண். கடையிடம் கேளுங்கள், எண்ணும் எழுத்துமாக 15 இருக்கும். தமிழ்நாட்டுக் கடை என்றால் 33-இல் ஆரம்பிக்கும், அடுத்த பத்தும் உரிமையாளரின் அல்லது நிறுவனத்தின் பான் எண். ஜிஎஸ்டி தளத்தில் வரி செலுத்துவோரைத் தேடும் பக்கத்தில், லாகின் எதுவும் இல்லாமலே, அதைப் போட்டால் சட்டப்படியான பெயர், கடைப் பெயர், எந்தத் தேதியில் பதிவு செய்தார்கள், பதிவு இன்னும் உயிரோடு இருக்கிறதா, எந்த இடம் என்று எல்லாம் வந்துவிடும். "நாற்பது வருஷப் பாரம்பரியம்" என்பவரின் பதிவு போன மாசத் தேதியில் இருந்தால் நீங்களே புரிந்துகொள்வீர்கள்.

சரி, வேறு யாரோ ஒருவரின் எண்ணை எடுத்துப் போட்டிருந்தால்? போடுவார்கள். அதற்குத்தான் அடுத்த படி. பணம் அனுப்புவதற்கு முன் யூபிஐ திரையில் ஒரு பெயர் வருகிறதல்லவா, அதை நிறுத்தி நிதானமாகப் படியுங்கள். வங்கிக் கணக்கில் இருக்கும் பெயரைத்தான் அங்கே காட்ட வேண்டும் என்று யூபிஐயை நடத்தும் என்பிசிஐ 2025 ஜூன் கடைசியிலிருந்து கட்டாயமாக்கியிருக்கிறது. அந்தப் பெயரும் ஜிஎஸ்டியில் வந்த சட்டப்படியான பெயரும் ஒன்றா? சின்னக் கடைகளில் முதலாளியின் சொந்தப் பெயர் வரும், அதில் தப்பில்லை, ஜிஎஸ்டியிலும் அதே பெயர் இருந்தால் போதும். கடை சிவகாசியில், ஜிஎஸ்டி ஒரு பெயரில், பணம் போவது எந்தச் சம்பந்தமும் இல்லாத வேறு ஒருவர் பெயருக்கு என்றால், "அது எங்க அக்கவுண்டன்ட் நம்பர் சார்" என்று எவ்வளவு பணிவாகச் சொன்னாலும் போனை வைத்துவிடுங்கள். ஜிஎஸ்டியே இல்லை, ஆனால் பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் அனுப்புகிறோம் என்றாலும் அப்படித்தான். வெளிமாநிலத்துக்குச் சரக்கு விற்பவர் பதிவு செய்தே ஆக வேண்டும்.

லாரி ரசீதையும் இப்படி நீங்களே சரிபார்க்க வேண்டும். பில்லோடு ரசீதைப் படம் பிடித்து அனுப்பிவிட்டு "பார்சல் போட்டாச்சு, மீதிப் பணம் அனுப்புங்க" என்பார்கள். அந்தப் படத்தில் இருக்கும் நம்பருக்குப் போன் பண்ணாதீர்கள், அந்த லாரி ஆபீஸின் நம்பரை நீங்களே தனியாகத் தேடி எடுத்து ரசீது எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். முதலில் பேசிய தொகைக்கு மேல் பேக்கிங் சார்ஜ், இன்சூரன்ஸ், பர்மிட் என்று ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தால், கொடுத்தது போகட்டும், மேலே ஒரு ரூபாய் தராதீர்கள்.

எப்படி அந்த சைட்டுக்குப் போனோம் என்பதையும் யோசியுங்கள். இன்ஸ்டாகிராம் விளம்பரம் நம்மைத் தேடி வருவது வேறு, போன வருஷம் பார்சல் வாங்கிய பக்கத்து வீட்டுக்காரர் நம்பர் தருவது வேறு. என்னைக் கேட்டால் இரண்டாவதுதான்.

இவ்வளவு சொன்ன பிறகும் எனக்கு ஜனங்கள் மேல் கோபமில்லை. சைட் முகவரியைப் பார்த்து அடையாளம் கண்டுபிடிக்கும் பழக்கத்தை யார் நமக்குக் கற்றுக்கொடுத்தார்கள்? கரண்ட் பில் கட்ட மின்வாரியம் பல வருஷமாகத் தந்த முகவரி யார் வேண்டுமானாலும் வாங்கக்கூடிய டாட் ஓஆர்ஜியில் முடிந்தது. திருப்பதி தரிசன டிக்கெட்டுக்கு முன்பு டாட் காம், பிறகுதான் ஆந்திர அரசின் ஜிஓவி டாட் இன். பாஸ்போர்ட்டுக்கு ஜிஓவி டாட் இன் சரியாக இருக்கிறது, ஆனாலும் அதே மாதிரி பெயர் வைத்த போலிகளை வெளியுறவு அமைச்சகம் பட்டியல் போட்டு எச்சரிக்க வேண்டியிருக்கிறது. வங்கிகளுக்கு மட்டும் ரிசர்வ் வங்கி 2025 அக்டோபர் 31-க்குள் எல்லாரும் பேங்க் டாட் இன் என்ற ஒரே வாலுக்கு மாறுங்கள் என்று கெடு வைத்தது. அந்த வாலை வங்கியைத் தவிர யாரும் வாங்க முடியாது. இதுதான் ஏமாற்றுகிறவனால் ஜோடிக்க முடியாத அடையாளம், இத்தனை வருஷம் கழித்தாவது வந்ததே.

பட்டாசுக்கும் இப்படி ஒன்று செய்வது பெரிய வித்தையா? உரிமம் வாங்கிய கடைகளின் பெயரும் எண்ணும் அரசிடம் இருக்கத்தானே செய்கிறது. உரிம எண்ணைத் தட்டினால் கடைப் பெயரும் போன் நம்பரும் வருகிற மாதிரி ஒரு பக்கம், விருதுநகர் மாவட்ட நிர்வாகத்தின் தளத்திலேயே, பட்டாசு சீசன் ஆரம்பிக்கும் ஆடிப்பெருக்குக்கு முன்னால் போட்டால் போதும். நேர்மையாகத் தொழில் செய்யும் கடைக்காரர்கள்தான் இதற்கு முதலில் குரல் கொடுக்க வேண்டும். போலிகளால் அவர்கள் பெயரும் சேர்ந்துதான் கெடுகிறது.

ஏற்கெனவே பணம் போய்விட்டவர்களுக்கு: ஆன்லைனில் பட்டாசு வாங்கியதே தப்பாயிற்றே, புகார் கொடுத்தால் நம்மையே கேட்பார்களோ என்று பலர் வாயை மூடிக்கொண்டு இருக்கிறார்கள். 2018 உத்தரவு ஆன்லைனில் விற்கும் தளங்களைப் பார்த்துச் சொன்னது, வாங்குகிறவர்களைப் பார்த்து அல்ல. உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் போன் பண்ணுங்கள், நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால் பணம் நாலு கணக்கு தாண்டிப் போயிருக்கும். யூபிஐ பரிவர்த்தனை எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், அவர்கள் கேட்பார்கள். வாட்ஸப் சாட்டை அழிக்காதீர்கள். கோபத்தில் அந்த நம்பரை பிளாக் பண்ணுவதற்கு முன்னால் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள்.