5 நட்சத்திரம் தானியங்கி பிரேக்குக்குத் தரும் மதிப்பெண் அல்ல

'பாரத் என்கேப்பில் 5 நட்சத்திரம் வாங்கிய கார், தஞ்சாவூர் - கும்பகோணம் ரோட்டில் மாடு குறுக்கே வந்தாலும் தானே பிரேக் போட்டுவிடும், அதைச் சோதித்துத்தான் நட்சத்திரம் தருகிறார்கள்' என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். அது சரியல்லங்க.

பாரத் என்கேப் என்பது கார்களை மோதவிட்டுப் பார்த்து நட்சத்திரம் தரும் இந்திய அரசின் திட்டம். 2023-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தின் சோதனை விதிகளுக்கு ஏஐஎஸ்-197 என்று பெயர். காரை 64 கி.மீ. வேகத்தில் முன்பக்கத்தின் 40 சதவீதம் மட்டும் படும்படி தடுப்பில் மோதவிடுவார்கள், 50 கி.மீ. வேகத்தில் பக்கவாட்டில் மோதுவார்கள். பிறகு கம்பத்தில் மோதும் சோதனை. மோதிய பிறகு உள்ளே இருப்பவருக்கு எவ்வளவு அடி என்பதைத்தான் இவை அளக்கின்றன. மோதாமல் நிற்குமா என்பது வேறு கேள்வி. ஐரோப்பாவில் இதேபோல் நட்சத்திரம் தரும் யூரோ என்கேப் அதைச் சோதிக்கிறது, ஆனால் அங்கும் எதிரே நிறுத்துவது பொம்மைக் கார், பாதசாரி, சைக்கிள், பைக்தான். எருமையோ, பின்விளக்கு இல்லாத வைக்கோல் டிராக்டரோ கிடையாது.

நீங்களே பார்க்கலாம். பாரத் என்கேப் தளத்தில் உங்கள் மாடலின் அறிக்கையைத் திறந்து, எந்தெந்தச் சோதனைக்கு மதிப்பெண் என்று படியுங்கள். அடுத்து காரோடு வந்த கையேட்டில் அவசர பிரேக் பகுதி: எந்த வேகம் வரை வேலை செய்யும், விலங்கைக் கண்டுபிடிக்குமா என்று பெரும்பாலும் அங்கேயே எழுதியிருக்கும். மூடுபனியும் முன்கண்ணாடியில் படியும் நெல் தூசியும், அந்த பிரேக்குக்காகச் சாலையைப் பார்க்கும் கேமராவை மறைக்கும். மார்கழியில் வண்டியை எடுக்கும் முன் முன்கண்ணாடியில், பின்னால் பார்க்கும் உள்கண்ணாடிக்கு நேர் முன்னால் கேமரா உள்ள அந்த இடத்தைத் துடைத்துவிடுங்கள்.