120 வெள்ளிப் பொம்மை

சனிக்கிழமை பொங்கோல் வீட்டில், விலை உயர்ந்த ஸ்ட்ரீமர் வைத்திருக்கும் ஓர் அண்ணன் என் மலிவு ஸ்ட்ரீமரைக் கேலி செய்ததை எழுத வேண்டாம் என்றுதான் மூன்று நாளாகப் பேசாமல் இருந்தேன். அங்கே சிரித்தவர்களில் பாதிப் பேர் இதைப் படிப்பீர்கள். ஆனால் அந்த அண்ணன் நேற்று மறுபடியும் "பொம்மையை வைத்துக்கொண்டு இசை கேட்கிறவர்கள்" என்று ஒரு வரி போட்டிருக்கிறார். பெயர் போடவில்லை. எனக்குத் தெரியாதா யாரென்று?

ஆமாம், இணையத்திலிருந்து பாட்டை எடுத்துத் தரும் என் ஸ்ட்ரீமர் பெட்டி 120 சிங்கப்பூர் வெள்ளிதான். உள்ளங்கையில் அடங்கிவிடும். அவருடையது 4,000 வெள்ளிக்கு மேல், அலுமினிய உடம்பு, தூக்க இரண்டு கை வேண்டும். சந்தோஷம். நான் அன்று சொன்னது ஒன்றே ஒன்று: ஸ்ட்ரீமர் பாடுவதில்லை. இணையத்தில் எண்களாக வரும் பாட்டை வாங்கி டிஏசி என்ற மாற்றியிடம் கொடுக்கிறது. டிஏசி அதை மின் அலையாக்குகிறது, ஆம்ப் பெரிதாக்குகிறது, ஸ்பீக்கர்தான் காற்றை அசைக்கிறது. காசை முதலில் எங்கே போட வேண்டும்? ஸ்பீக்கரில். அப்புறம் அறையில். தபால்காரருக்குப் பட்டுச் சட்டை போட்டுவிட்டால் கடிதத்தில் எழுத்து மாறிவிடுமா?

"ஜிட்டர் இருக்கே?" என்பீர்கள், அதாவது எண்கள் நேரம் பிசகி வருவது. இப்போதைய யுஎஸ்பி டிஏசிகள் பெரும்பாலும் தங்கள் சொந்தக் கடிகாரத்தில் ஓடுகின்றன. தரவை எப்போது அனுப்ப வேண்டும் என்று அவையே சொல்கின்றன. லேன் கேபிள்? வழியில் ஏதாவது தொலைந்தால் ஸ்ட்ரீமர் திரும்ப அனுப்பச் சொல்லி வாங்கிக்கொள்ளும். சிடி தரம், அதாவது 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ், வினாடிக்கு ஒன்றரை மெகாபிட்கூடக் கேட்காது. 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ்கூட 10 மெகாபிட்டுக்குள் முடிந்துவிடும். வீவக அடுக்குமாடி வீட்டில் 1 ஜிகாபிட் ஃபைபரை வைத்துக்கொண்டு, 600 வெள்ளி கேபிள் போட்டதும் "மேடை விரிகிறது", அதாவது இசை அகலமாகக் கேட்கிறது, என்கிறார் அண்ணன். விரியட்டும்.

சும்மா பேசவில்லை. நண்பரின் விலை உயர்ந்த ஸ்ட்ரீமரை ஒரு வாரம் இரவல் வாங்கி, இரண்டையும் ஒரே டிஏசியில் மாட்டி, மனைவியை மாற்றி மாற்றிப் போடச் சொல்லிக் கண்ணை மூடி உட்கார்ந்தேன். 10-க்கு 5 சரி. காசு சுண்டியிருந்தாலும் அதுதான் வந்திருக்கும். அதே வாரம் டைல்ஸ் தரையில் ஒரு கம்பளம் விரித்து, ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து ஒன்றரை அடி முன்னால் இழுத்தேன். அதுவரை பொதபொதவென்று கலங்கிக் கிடந்த மிருதங்கத்தின் தொப்பி, அடி அடியாகப் பிரிந்து கேட்டது. உள்ளே வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்த மகள் எட்டிப் பார்த்து, "வேற பாட்டாப்பா?" என்றாள்.

சரி, ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். மலிவுப் பெட்டிகள் சிலவற்றின் செயலி உயிரை வாங்கும். நான் முதலில் வைத்திருந்தது, கச்சேரிப் பதிவில் ஆலாபனை முடிந்து கீர்த்தனை தொடங்கும் இடத்தில் கைதட்டலை நடுவே வெட்டி அரை வினாடி ஊமையாகிவிடும். இடைவெளி இல்லாமல் ஓடுமா என்று கேட்டு வாங்குங்கள். அதற்கும் 4,000 வெள்ளி வேண்டாம்.

அன்று அண்ணன் "காது பழகணும் தம்பி" என்றாரே, அதற்குத்தான் எல்லாரும் சிரித்தீர்கள்.

என் காது எங்கே பழகியது என்று சொல்கிறேன். அப்பாவுக்குக் கப்பல் பட்டறையில் வேலை. அந்த இரைச்சலில் வலது காது போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் சாலைக்குப் போய்ப் பாட்டுப் பட்டியலை எழுதிக் கொடுத்து, 90 நிமிட கேசட்டில் பதிந்து வாங்கி வருவார். ஒற்றை ஸ்பீக்கர் டேப்பை இடது பக்கம் வைத்துக்கொண்டு, "இந்த இடத்துல புல்லாங்குழல்காரர் மூச்சு வாங்குறார், கேளு" என்பார். கேட்கும். இன்றைக்கும் அந்தப் பாட்டு வந்தால் அந்த மூச்சுக்குத்தான் காத்திருப்பேன். ஒரு காதால் அதைப் பிடித்தவர் அவர். அவரிடம் போய்க் காது பழகணும் என்று சொல்லுங்கள் பார்ப்போம்.

"வாங்க முடியாதவன் பேச்சு" என்றும் ஒருவர் முணுமுணுத்தார். என் காதில் விழுந்தது. பழகாத காதுதான், ஆனாலும் விழுந்தது.

அண்ணே, வர்ற சனிக்கிழமை எங்க வீட்டுக்கு வாங்க. உங்க பெட்டியையும் தூக்கிட்டு வாங்க, லிஃப்ட் எங்க மாடியிலேயே நிற்கும். மாற்றிப் போட என் மனைவி தயார். கண்ணைக் கட்டத் துண்டு நான் தருகிறேன்.