நூறு பகுதிகள் மட்டுமே கணக்கல்ல
நூறு பகுதிகளைத் தாண்டிய தொலைக்காட்சித் தொடர்தான் மறுஒளிபரப்பில் நிலைக்கும் என்று இந்தக் கட்டுரை சொல்வதை என்னால் அப்படியே ஏற்க முடியவில்லை. வாரம் ஐந்து நாள், தினமும் ஒன்று என்று போட்டால் நூறு பகுதிகள் 20 வாரம் ஓடும். உள்ளூர் நிலையங்களுக்கு அது வசதி, சரி. ஆனால் அமெரிக்க விண்வெளித் தொடரான 'ஸ்டார் டிரெக்' 1969-இல் நிறுத்தப்பட்டபோது கையில் இருந்தவை 79 பகுதிகள்தான். அமெரிக்க உள்ளூர் நிலையங்கள் அதைத் திரும்பத் திரும்பப் போட்ட 1970களில்தான் ரசிகர் கூட்டமே பெருகியது. 1979-இல் திரைப்படமும் வந்தது. 'தி ஹனிமூனர்ஸ்' என்ற அமெரிக்க நகைச்சுவைத் தொடர் இன்னும் குறைவு, 39 அரைமணி நேரப் பகுதிகளை வைத்தே மறுஒளிபரப்பில் பல பத்தாண்டுகள் ஓடியது. நானும் ஸ்டார் டிரெக்கை மறுஒளிபரப்பில், வரிசை மாறித்தான் பார்த்தேன். ஒவ்வொரு பகுதியும் தனிக்கதை என்பதால் எதுவும் விட்டுப்போன மாதிரி இல்லை. அப்புறம், மேலே கருத்து எழுதிய ஒருவர் நல்ல கதை தானாகவே நிலைக்கும் என்கிறார். கதை மட்டும் போதாது, பிரதி இருக்க வேண்டும். 1951-இல் தொடங்கிய 'ஐ லவ் லூசி' என்ற அமெரிக்க நகைச்சுவைத் தொடரை 35 மில்லிமீட்டர் பிலிமில் எடுத்ததால்தான் இன்றும் தெளிவாகப் பார்க்க முடிகிறது. பிரிட்டிஷ் அறிவியல் புனைவுத் தொடரான 'டாக்டர் ஹூ'வின் 1960களின் பகுதிகள் பலவற்றை பிபிசியே அழித்துவிட்டது. தொலைந்தவற்றில் முழுதாக மிஞ்சியது ஒலி மட்டும்தான், அதுவும் ரசிகர்கள் வீட்டில் பதிந்து வைத்தது.