சாவிக்கொத்து வைத்திருந்தவர் மகன் எழுதுவது

2026 பிப்ரவரி 27-ஆம் தேதி ‘ரெசிடென்ட் ஈவில் ரெக்வியம்’ என்ற திகில் வீடியோ கேம் வருகிறது. காலண்டரில் சிலிண்டர் பதிந்த தேதிக்குப் பக்கத்தில் இதையும் சுழித்து வைத்திருக்கிறேன். நாற்பதைத் தாண்டின ஆளுக்கு இது தேவையா என்று வீட்டில் கேட்கிறார்கள். தேவைதான். ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். பொறுமை இல்லாதவர்கள் ஒரு லைக்கைப் போட்டுவிட்டுப் போகலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

என் அப்பா முப்பது வருஷம் செட்டிநாட்டில் ஒரு செட்டியார் வீட்டுக்குக் காவல் இருந்தவர். ஊர்ப் பெயர் வேண்டாம், கானாடுகாத்தானிலிருந்து சைக்கிளில் போய்விடுகிற தூரம். முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். முகப்பு, பட்டாலை, வளவு என்கிற நடுமுற்றம், இரண்டாம் கட்டு, அடுப்படி, அதற்கும் பின்னால் கிணற்றடி. இந்தக் கோடியில் நின்று கூப்பிட்டால் அந்தக் கோடியில் கேட்காது. வீட்டுக்காரர்கள் பாதிப் பேர் சென்னையில், மீதிப் பேர் மலேசியாவில். முன்னோர்களுக்குப் படைப்பு, கல்யாணம், செவ்வாய்ப் பொங்கல் என்றால் வேன் வேனாக வந்து இறங்குவார்கள். இரண்டு நாள் வீடு திமிலோகப்படும். மூன்றாம் நாள் பெரிய ஆச்சி அப்பாவிடம் சாவிக்கொத்தைக் கொடுத்து, “பாத்துக்கப்பா” என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறுவார். அப்புறம் மாதக்கணக்கில் அந்த வீடும் அப்பாவும்தான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டைத் திறந்து, கூட்டி, விளக்கேற்றி, திரும்பப் பூட்ட வேண்டும். எண்ணெய்த் தூக்கைத் தூக்கிக்கொண்டு நானும் போவேன். வளவைச் சுற்றி வரிசையாக அறைகள், புள்ளிக்கு, அதாவது கல்யாணமான ஒவ்வொரு குடும்பத்துக்கும், ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு பூட்டு, ஒவ்வொரு பூட்டுக்கும் ஒரு முழச் சாவி என்றுதான் என் சின்ன வயசுக் கண்ணுக்குத் தெரிந்தது. ஒரு சாவியில் சிவப்புத் துணி கட்டியிருக்கும், ஒன்றில் சணல், ஒன்று பல் உடைந்தது. அப்பாவுக்கு எந்தச் சாவி எதற்கு என்று இருட்டிலேயே தெரியும். ஒரே ஒரு அறைக்கு மட்டும் கொத்தில் சாவி கிடையாது. அண்ணன் தம்பிக்குள் வழக்காம், இரண்டு பூட்டுத் தொங்கும். அதற்குள் என்ன இருக்கிறது என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. அந்தக் கதவைக் கடக்கும்போது மட்டும் கால் தானாக வேகம் எடுக்கும்.

கரண்ட் போகிற நாளும் உண்டு. அப்போது அப்பா ஒன்றுதான் சொல்வார்: “ஓடாத. இடது கையால சுவத்தைத் தொட்டுக்கிட்டே நட. சுவரே உன்னைக் கொண்டுபோய் வாசல்ல விட்டுரும்.” முட்டை வெள்ளைக்கரு கலந்து பூசிய சுவர். பளிங்கு மாதிரி வழுவழுப்பு. அதன் குளிர்ச்சி இன்னும் உள்ளங்கையில் இருக்கிறது.

சரி, விளையாட்டுக்கு வருகிறேன்.

2000 வாக்கில் காரைக்குடியில் நண்பன் ஒருவன் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. அவன் மாமா சென்னைக்குப் போனவர் பர்மா பஜாரில் இருந்து ஒரு கட்டு சிடி வாங்கி வந்தார். அதில் ஒன்று முதல் ரெசிடென்ட் ஈவில். (அப்பா காவல் காத்த வீட்டுத் தூணெல்லாம் பர்மாத் தேக்கு, எனக்குக் கிடைத்த பயம் பர்மா பஜார் சரக்கு. இந்த ஒற்றுமையை இருபத்தைந்து வருஷமாக யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தேன்.) ஆட்டம் தொடங்கியதும் ஒரு பெரிய மாளிகையின் கூடம். மாடிப்படி, இரண்டு பக்கமும் கதவுகள், ஆள் அரவம் இல்லை. நண்பன் “அமெரிக்கா பங்களாடா” என்றான். எனக்கு வேறு மாதிரி தோன்றியது. இது நாளைக்கு நான் எண்ணெய்த் தூக்கோடு போகப்போகிற வீடு.

அந்த ஆட்டத்தில் வாள், கவசம், கேடயம், தலைக்கவசம் என்று பெயர் வைத்த நான்கு சாவிகள் உண்டு. எந்தச் சாவி எந்தக் கதவுக்கு என்று தலைக்குள் படம் போட்டு வைத்துக்கொள்ள வேண்டும். கதவைத் திறந்தால் திரை முழுக்கக் கறுப்பாகி, கதவு மட்டும் மெதுவாகத் திறக்கும். அடுத்த அறையை வட்டிலிருந்து ஏற்றிக்கொள்ள இயந்திரத்துக்கு நேரம் வேண்டும், அதை மறைக்கத்தான் அந்த ஏற்பாடு. ஆனால் தேக்குக் கதவைத் தோள் கொடுத்துத் தள்ளித் திறந்தவனுக்கு அதில் குறையே தெரியாது. பெரிய கதவு அப்படித்தான் திறக்கும். உள்ளே என்ன என்பதைத் தவணை முறையில்தான் காட்டும்.

பலர் இந்த விளையாட்டுத் தொடரைப் பற்றிப் பேசும்போது செத்துப்போய் எழுந்து வருகிற ஆட்களைப் பற்றியே பேசுகிறார்கள். ஜன்னலை உடைத்துக்கொண்டு நாய் பாயும் இடத்தைச் சொல்லாதவர் இல்லை. நானும் அந்த இடத்தில் நாற்காலியோடு பின்னால் சாய்ந்தவன்தான். ஆனால் திடுக்கிடுவது ஒரு நொடி. உண்மையான பயம், போன வழியிலேயே திரும்பி வர வேண்டும் என்பதில் இருக்கிறது. கடைசி அறைக்குப் போய்ச் சாமானை எடுத்தாகிவிட்டது. இனி வளவைத் தாண்டி, அந்த இரண்டு பூட்டுத் தொங்கும் கதவைத் தாண்டி வாசலுக்கு வர வேண்டும். போகும்போது ஒரு வேலை இருந்தது, அதனால் தைரியம் இருந்தது. வரும்போது வேலை ஒன்றும் இல்லை. முதல் ஆட்டத்தை இயக்கிய ஷின்ஜி மிகாமி 1996-இல் இதைச் சரியாகப் பிடித்தார். நாயகன் கிறிஸ்ஸாக ஆடினால் ஆறு சாமான்தான் கையில் வைத்திருக்க முடியும், நாயகி ஜில்லாக ஆடினால் எட்டு. தோட்டாவா, பச்சிலையா, சாவியா என்று கணக்குப் போட வேண்டும். ஆட்டத்தைச் சேமிக்க வேண்டும் என்றால்கூட டைப்ரைட்டர் ரிப்பன் வேண்டும், அதுவும் எண்ணிக்கைதான். சேமிக்காமல் செத்தால் ஒரு மணி நேர உழைப்பு போச்சு. எங்களைப் போல் மாசக் கடைசியைப் பார்த்த வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு உடனே புரிந்தது.

2002-இல் அதே ஆட்டத்தைப் புதுப்பித்தபோது இன்னொரு கொடுமை சேர்த்தார்கள். தலை சிதறாமல் சுட்டு வீழ்த்திய உடலை எரிக்காமல் விட்டால் அது கொஞ்ச நேரம் கழித்து முன்னைவிட வேகமாக எழுந்து வரும். எரிக்க மண்ணெண்ணெய் வேண்டும், அது கொஞ்சம்தான் கிடைக்கும். ரேஷன் கடையில் கேனோடு வரிசையில் நின்றவனுக்கு ஒரு சொட்டு மண்ணெண்ணெயின் மதிப்பை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அப்புறம் தொடர் வேறு பக்கம் போனது. நான்காவது, 2005-இல் வந்தது, நல்ல ஆட்டம். அதைக் குறை சொன்னால் இங்கே சண்டைக்கு வருவீர்கள், அதனால் சொல்லவில்லை. ஆனால் அது காட்டிய துப்பாக்கி வழியிலேயே போய் ஐந்தாவது வந்தது, 2012-இல் ஆறாவது வந்தது. ஆறாவதை நான் பாதியில் நிறுத்தினேன். எல்லாம் வெடிக்கிறது, எல்லோரும் பறக்கிறார்கள், கையில் தோட்டா குறைவதே இல்லை. கல்யாண வீட்டுக் கூட்டத்தில் யாருக்குப் பயம் வரும்? 2017-இல் ஏழாவது வந்தபோதுதான் திரும்ப வீட்டுக்குள் வந்தார்கள். லூசியானாவில் ஒரு பழைய வீடு, ஒரு குடும்பம், பூட்டிய கதவுகள். ஹெட்போன் மாட்டிக்கொண்டு ராத்திரியில் ஆடிவிட்டு, தண்ணீர் குடிக்க அடுப்படிக்குப் போக யோசித்தேன். முப்பத்து மூன்று வயதில்.

அந்த ஏழாவதை இயக்கிய கோஷி நகனிஷிதான் இப்போது ரெக்வியத்தையும் இயக்குகிறார். என் நம்பிக்கைக்கு முதல் காரணம் இதுதான். இரண்டாவது, இந்த ஆட்டத்தை முதலில் பலர் சேர்ந்து ஆன்லைனில் ஆடும், இஷ்டத்துக்குச் சுற்றித் திரிகிற ‘ஓப்பன் வேர்ல்ட்’ விளையாட்டாகச் செய்யப் பார்த்து, அப்புறம் கைவிட்டதாக அவர்களே சொன்னார்கள். நல்ல காரியம் செய்தீர்கள் சாமிகளா. நாலு பேர் சேர்ந்து போனால் அது சுற்றுலா.

கதைநாயகி கிரேஸ் ஆஷ்கிராஃப்ட். எஃப்.பி.ஐ.யில் வேலை, ஆனால் மேசை வேலை. ஆவணங்களை அலசுகிற பெண். அவளுடைய அம்மா அலிசா, 2003-இல் வந்த ‘அவுட்பிரேக்’ ஆட்டத்தில் நாம் ஆடிய பத்திரிகைக்காரி. அந்த அம்மா செத்துப்போன ரென்வுட் ஹோட்டலுக்கே மகளை விசாரணைக்கு அனுப்புகிறார்கள். தொடக்கப் பகுதி ஒன்றை முன்கூட்டியே காட்டினார்கள். கட்டிலில் தலைகீழாகக் கட்டப்பட்டிருக்கிறாள், கையிலிருந்து ரத்தம் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். எப்படியோ விடுவித்துக்கொண்டு இறங்கினால் இருட்டுத் தாழ்வாரம். கையில் ஒரு லைட்டர். கதவு திறக்க ஒரு ஃபியூஸ் தேட வேண்டும். கூரையை முட்டுகிற உயரத்தில் ஒரு கிழவி மாதிரி ஒன்று பின்னால் வருகிறது. கிரேஸ் வீராங்கனை இல்லை. மூச்சு வாங்குகிறது, கை நடுங்குகிறது, விழுகிறாள். எனக்குப் பிடித்துப்போனது.

ஆனால் டிசம்பரில் இன்னொரு முன்னோட்டம் விட்டார்கள். அதில் இந்தத் தொடரின் பழைய நாயகன் லியோன் கென்னடி வருகிறான். இந்த ஆட்டத்தில் கிரேஸோடு இரண்டாவது நாயகன். வயதாகியிருக்கிறது, தாடி வைத்திருக்கிறான், கையில் கோடாலி. காரைக்குடி நண்பர்கள் குழுவில் அன்றைக்கு ராத்திரி முழுக்க வாணவேடிக்கை. நான் மட்டும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். லியோனைப் பிடிக்காமல் இல்லை. அவன் வந்தால் பயம் போய்விடும், அவ்வளவுதான் என் கவலை. இருட்டில் நடக்கும்போது பின்னாலேயே அப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டால் எந்த அறையும் வெறும் அறைதான். கிரேஸின் பயமும் லியோனின் சண்டையும் மாறி மாறி வரும் என்கிறார்கள். வந்து தொலையட்டும். ஆனால் கிரேஸ் மாட்டிக்கொண்ட கட்டடத்துக்குள் அவன் சீக்கிரம் வந்து சேரக் கூடாது என்று பிள்ளையார்பட்டியில் வேண்டிக்கொள்கிற அளவுக்கு இருக்கிறேன்.

கதை ரகூன் சிட்டிக்குத் திரும்புகிறது என்பதுதான் என்னை அதிகம் இழுக்கிறது. கதைப்படி 1998-இல் ஏவுகணை விட்டு அழித்த ஊர். அந்தப் பாழடைந்த தெருக்களையும் போலீஸ் நிலையத்தையும் திரும்பக் காட்டப்போகிறார்கள். எங்கள் ஊர்களை யாரும் குண்டு போட்டு அழிக்கவில்லை. 1942-இல், செட்டியார்கள் வட்டித்தொழில் செய்துகொண்டிருந்த பர்மாவுக்குள் ஜப்பான் ராணுவம் நுழைந்தது, கொடுக்கல் வாங்கலும் நிலமும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஆட்கள் கிளம்பினார்கள். வீட்டுக்கு வந்துகொண்டிருந்த காசு நின்றது. அப்புறம் வீடு மெல்ல மெல்லக் காலியானது. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் போனால் தெரியும். பிரித்து எடுத்த தூண், நிலைக்கதவு, இனாமல் சட்டி, யாரோ ஒரு ஆச்சியின் கல்யாணப் போட்டோ, எல்லாம் விலைக்கு. இப்போது அதே ஜப்பானில், ஒசாகாவில் இருக்கிற, இந்த விளையாட்டைச் செய்கிற கேப்காம் கம்பெனி, காலியான வீட்டின் பயத்தை எனக்கு விற்கிறது. வரலாறு தெரிந்தவர்கள் சிரிக்கலாம். நான் காசு கொடுத்து வாங்குகிறேன்.

“நம்ம ஊர் முனியும் மோகினியும் இருக்க, ஜப்பான்காரன் பேய் எதுக்கு?” என்று ஒருத்தர் போன பதிவில் கேட்டிருந்தார். அண்ணே, பேய்ப் படம் எடுக்க எத்தனை பேர் எங்கள் பக்கம் வந்துவிட்டுப் போயிருக்கிறார்கள் தெரியுமா? வந்ததும் முதல் வேலையாகப் புகை போடுவார்கள். ராத்திரி எடுப்பார்கள், நீல விளக்கு வைப்பார்கள். அந்த வீட்டில் பயம் வருவது மத்தியானம் மூன்று மணிக்கு. வளவில் வெயில் சதுரமாக விழுந்திருக்கும். ஆத்தங்குடிக் கல் பளபளக்கும். சுவரில் தாத்தாக்கள் வரிசையாகப் போட்டோவில் உட்கார்ந்திருப்பார்கள். மேலே ஓட்டில் மரநாய் ஓடும் சத்தம் கேட்டு, அப்புறம் நிற்கும். அந்த நிற்பதைப் படம் எடுக்க ஒருத்தருக்கும் பொறுமை இருந்ததில்லை. ஜப்பான்காரனுக்கு இருந்தது.

அப்பாவுக்கு இப்போது முழங்கால் சரியில்லை. வெள்ளிக்கிழமை விளக்கு என் பொறுப்பு. சம்பளம் கிடையாது. ஆச்சி இறந்துபோய்விட்டார், பிள்ளைகள் எப்போதாவது போனில் விசாரிப்பார்கள். இருந்தாலும் சாவிக்கொத்து எங்கள் வீட்டு ஆணியில்தான் தொங்குகிறது.

போன வாரம் அந்தத் தாழ்வாரக் காட்சியை டிவியில் போட்டு மறுபடி பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா காபியோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கிரேஸ் லைட்டரை முன்னால் நீட்டிக்கொண்டு தட்டுத் தடுமாறிப் போகிறாள்.

“ஃபியூஸ் போச்சா?” என்றார்.

“ஆமாப்பா.”

கொஞ்ச நேரம் பார்த்தார். கிழவி வந்ததற்கு ஒன்றும் சொல்லவில்லை. கிரேஸ் நடுத்தாழ்வாரத்தில் ஓடி, எதிலோ இடித்துக்கொண்டு விழுந்ததும்தான் நாக்கைச் சப்புக்கொட்டினார்.

“நடுவுல ஏன் போகுது அந்தப் பிள்ளை? சுவத்தைத் தொட்டுக்கிட்டுப் போகச் சொல்லு.”

27-ஆம் தேதி வெள்ளிக்கிழமை. அன்றைக்கு விளக்கேற்றிவிட்டு வந்துதான் ஆட்டத்தைத் தொடங்குவேன். ஆறரைக்குள் பூட்டிவிட்டால் ஏழு மணிக்கு உட்கார்ந்துவிடலாம். அதுவரைக்கும் யாராவது கதையைச் சொல்லிக் கெடுத்தீர்கள் என்றால் பிளாக்தான்.