வாட்ஸப்பில் சொன்னா ஹேண்ட்ஓவர் ஆயிடாது

மணலி பிளான்ட்டில் பம்ப் சீல் கருகின விஷயத்தில், அதை ஓட்டின கான்ட்ராக்ட் பையனையே ரெண்டு நாளா எல்லாரும் திட்டுறீங்க. ஷிப்ட் மாறும்போது வேலையை ஒப்படைக்கிற ஹேண்ட்ஓவர் நடக்கலைன்னு யாரும் பேசலை. படிக்கப் படிக்க மனசு ஆறலை.

ஏ ஷிப்ட் ஆளுங்க பம்புக்கு முன்னாடி இருக்கிற வடிகட்டியை, அதான் ஸ்ட்ரெய்னரை, கழுவ சக்‌ஷன் வால்வை, அதாவது பம்புக்குள்ள திரவம் வர்ற வழியை, மூடினாங்க. வால்வில் எச்சரிக்கை டேக் மாட்டலை, பம்பை யாரும் ஓட்டிடாம ஸ்விட்ச் பேனலில் பூட்டு போடலை. தகவல் போனது ஒரு வாட்ஸப் குரூப்புக்கு. அதில் பர்மனென்ட் ஆளுங்க மட்டும்தான். ரெண்டு மணி ஷிப்ட்டுக்கு வந்த அந்தக் கான்ட்ராக்ட் பையன் பம்பை ஓட்டினான். உள்ளே திரவம் வராம ஓடினா, பம்ப் தண்டு பக்கம் கசிவைத் தடுக்கிற மெக்கானிக்கல் சீல் சில நிமிஷத்தில் கருகிடும். கருகிடுச்சு. அவன் தப்பு எங்கே?

ஒரே டேபிளில் சாப்பிடுறவங்க, எண்ணூரிலிருந்து ஒரே கம்பெனி பஸ்ஸில் வர்றவங்க, ஒண்ணா ஐடிஐ முடிச்சவங்க ஒட்டிக்கத்தான் செய்வாங்க. அதை நான் குறை சொல்லலை. வேலைத் தகவலும் அந்த ஒட்டுறவு வழியா மட்டுமே போகுது பாருங்க, அதுதான் ஆபத்து. ஹேண்ட்ஓவர்னா மெஷின் பக்கத்தில் நின்னு சொல்லணும். எது மூடியிருக்கு, எந்த வேலைக்கு வாங்கின பர்மிட் இன்னும் முடிக்கலை, எந்த அலாரத்தை அடிக்காம பைபாஸ் பண்ணி வச்சிருக்கு, எல்லாத்தையும் லாக் புக்கில் எழுதி, போறவரும் வர்றவரும் கையெழுத்துப் போடணும். 15 நிமிஷ வேலை. பஸ் கிளம்பிடும்னு முதல்ல விடுறது அதைத்தான்.

ஹேண்ட்ஓவர் விட்டுப்போனா என்ன ஆகும்? 1988இல் வடகடலில் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடை. ஒரு பம்பில், அழுத்தம் ஏறினா வெளியேத்துற ரிலீஃப் வால்வைப் பகல் ஷிப்ட் கழட்டியிருந்தது. ராத்திரி ஷிப்ட்டுக்கு அது தெரியலை. அந்த பம்பை ஓட்டினாங்க. கசிஞ்சு வெடிச்சுது. 167 உயிர் போச்சு.

"வந்தவன் கேட்டிருக்கலாமே"ங்கிறீங்க. கேட்டா "உன் வேலையைப் பாருடா"ன்னு விரட்டுற இடத்தில் யாரைக் கேட்பான்? மூடினவங்க சொல்லணும். சொல்லலை.

அந்த ஒட்டுறவில் ஜாதியும் இருக்குன்னு நான் சொன்னதுக்கு, "இதில் ஏன் ஜாதியை இழுக்கறே"ன்னும் ஒருத்தர் கேட்டார். அண்ணே, நம்ம பெரம்பூர் கதைதான் இது. 1918இல் அங்கே பின்னி துணி மில் ஆளுங்களுக்காக சென்னைத் தொழிலாளர் சங்கம் ஆரம்பமாச்சு. மூணே வருஷம். 1921 ஸ்ட்ரைக்கில் ஆதிதிராவிடர் ஒரு பக்கம், மத்தவங்க ஒரு பக்கம்னு உடைஞ்சு, புளியந்தோப்பில் வீடுகள் எரிஞ்சது. மில்லுக்குள்ள ஒண்ணா நின்னவங்கதான். இன்னைக்கு உங்க பிளான்ட்டில் கான்ட்ராக்ட் பசங்க எந்தெந்தத் தெருவிலிருந்து வர்றாங்கன்னு எண்ணிப் பாருங்க, அப்புறம் என்கிட்டே பேசுங்க.

சீல் காசை அந்தப் பையன் சம்பளத்தில் பிடிக்கிற பேச்சை நிறுத்துங்க. அன்னைக்கு ரெண்டு மணிக்கு லாக் புக்கில் யார் கையெழுத்து இருக்குன்னு திறந்து காட்டுங்க.