கரையைச் சுமந்து வரும் கப்பல்கள்

2010 ஜனவரி 12 அன்று மாலை, 5 மணி அடிக்கச் சில நிமிடங்கள் இருக்கையில், 7.0 அளவிலான நிலநடுக்கம் ஹைட்டியைத் தாக்கியது. அதைத் தொடர்ந்து உலகெங்கும் பரவிய படங்களில், இடிந்து அமர்ந்த அதிபர் மாளிகையின் படத்தைப் பலரும் நினைவில் வைத்திருப்பார்கள். என் மனத்தில் தங்கிப்போனது வேறொரு படம். போர்ட்-ஓ-பிரின்ஸ் துறைமுகத்தின் வடக்குத் தளம் கடலுக்குள் சரிந்து மறைந்திருந்தது. அதன்மேல் நின்ற பெரிய கன்டெய்னர் கிரேன், கால்கள் நீருக்குள் கிடக்க, சாய்ந்து நின்றுகொண்டிருந்தது. சரக்கை இறக்க வேண்டிய கிரேனே கடலில் இறங்கிவிட்டது. தெற்குத் தளம் முழுவதுமாக வீழவில்லை என்றாலும், அதைத் தாங்கிய தூண்களில் பெரும்பாலானவை நொறுங்கியிருந்தன. ஒரு நாட்டின் தலைநகரத்துக்கு உணவும் மருந்தும் கூடாரமும் மிக அதிகமாகத் தேவைப்பட்ட நாளில், அவை வந்து சேரும் முதன்மையான வழி அடைபட்டது.

இது தற்செயலான கேடு அன்று. துறைமுகத் தளங்கள் பெரும்பாலும் கடலை மண்ணிட்டு மூடிய நிலத்திலோ, அதன் விளிம்பிலோதான் அமைகின்றன. நீர் ஊறிய தளர்ந்த மணலை நிலநடுக்கம் குலுக்கும்போது, மணற்பருக்கைகளுக்கு இடையிலுள்ள நீரின் அழுத்தம் ஏறி, பருக்கைகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் பிடியை இழக்கின்றன. உறுதியாக நின்ற நிலம் சில நொடிகளில் குழம்பாகிக் கடலை நோக்கி வழிகிறது, அதில் ஊன்றிய தூண்களையும் இழுத்துக்கொண்டு போகிறது. ஜப்பானின் கோபே நகரத்தில் 1995 ஜனவரி 17 அன்று நடந்ததும் இதுவே. உலகின் கன்டெய்னர் துறைமுகங்களில் 6ஆம் இடத்தில் இருந்த அத்துறைமுகத்தின் கரைச்சுவர்கள் சில இடங்களில் 5 மீட்டர் வரை கடல்பக்கம் நகர்ந்தன. கிரேன்களின் கால்கள் அகன்று மடங்கின. வளம் மிக்க நாட்டின் தலைசிறந்த துறைமுகத்துக்கும் வறிய நாட்டின் சிறிய துறைமுகத்துக்கும் மண் ஒரே நீதியைத்தான் வழங்கியது. சீரமைக்கும் வேகத்தில்தான் இரண்டும் வேறுபட்டன.

துறைமுகம் போனால் என்ன, விமானம் இருக்கிறதே என்று கேட்பவர்களுக்கு ஒரு சிறு கணக்கைச் சொல்லத் தோன்றுகிறது. பெரிய படைச்சரக்கு விமானமான சி-17 ஏறத்தாழ 77 டன் சுமக்கும். 20 அடி கன்டெய்னர் ஒன்று முழுச் சுமையோடு 30 டன் வரை இருக்கலாம். அதாவது, அவ்வளவு பெரிய விமானம் நிறைந்த கன்டெய்னர் மூன்றைக்கூடத் தூக்காது. 500 கன்டெய்னர்களோடு வரும் ஒரு சிறிய கப்பலில், பெட்டிக்கு 10 டன் என்று குறைத்துக் கணக்கிட்டாலும், 5,000 டன் சரக்கு இருக்கும். அதை விமானத்தில் கொண்டுவர 65 முறை பறக்க வேண்டும். போர்ட்-ஓ-பிரின்ஸ் விமான நிலையத்திலோ ஓடுபாதை ஒன்றே ஒன்று. முதல் சில நாள்களில் உயிர்களைக் காப்பது விமானம் என்பதில் ஐயமில்லை; இருபதாம் நாளிலும் நாற்பதாம் நாளிலும் இலட்சக்கணக்கானோருக்குச் சோறு போடுவது கப்பல்தான்.

அப்படியானால் கப்பல் வந்து நின்று தானே இறக்கிவிட்டுப் போகலாமே என்றால், அதுதான் முடிவதில்லை. இன்றைய பெரிய கன்டெய்னர் கப்பல்களுக்குக் கைகள் கிடையாது. வரலாற்றில் இது தலைகீழாகத் தொடங்கியது என்பது வேடிக்கை. 1956இல் ‘ஐடியல் எக்ஸ்’ என்ற கப்பல் 58 பெட்டிகளோடு நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குப் போனதைக் கன்டெய்னர் யுகத்தின் தொடக்கம் என்பார்கள். அடுத்த ஆண்டு ஓடத் தொடங்கிய ‘கேட்வே சிட்டி’ 226 பெட்டிகளை ஏற்றியது. துறைமுகங்களில் அவற்றைத் தூக்குவதற்கான கிரேன்கள் இல்லாததால், தன் மேல்தளத்திலேயே கிரேன்களை வைத்துக்கொண்டு போனது. 1959இல் கலிபோர்னியாவின் அலமீடாவில் கன்டெய்னருக்கென்றே கட்டப்பட்ட கரைக் கிரேன் நிறுவப்பட்டது. அது கப்பலின் கிரேனைவிட விரைவாக வேலை செய்தது; கப்பலில் கிரேன் இருந்த இடத்தில் கூடுதல் பெட்டிகளை அடுக்க முடிந்தது. வணிகக் கணக்கில் இது மறுக்க முடியாத இலாபம். ஆனால் பெரிய கப்பல்கள் தம் கைகளைக் கரையில் கழற்றி வைத்துவிட்டுப் போனபோது, கரை இல்லாமல் போகும் நாளுக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி எந்த வணிகரின் கணக்கேட்டிலும் எழுதப்படவில்லை.

அந்தக் கேள்வியைப் படைத்துறைதான் முதலில் தீவிரமாக எடுத்துக்கொண்டது. போர்க்காலத்தில் துறைமுகம் கிடைக்காமல் போகலாம் என்பது அவர்களுடைய கவலை. பழைய வணிகக் கப்பல்களை வாங்கி, ஒவ்வொன்றின் ஒரு பக்கத்தில் இரட்டைக் கிரேன்களைப் பொருத்தி, 1980களிலும் 90களிலுமாக அமெரிக்கா 10 கிரேன் கப்பல்களை உருவாக்கியது. இவை மற்றொரு கன்டெய்னர் கப்பலின் அருகே அணைந்து நின்று, அதிலுள்ள பெட்டியைத் தூக்கி, மறுபுறம் நிற்கும் தட்டையான மிதவையில் இறக்கும். மிதவை அதைக் கரைக்குக் கொண்டுபோகும். நொறுங்கிய துறைமுகத்துக்கு வெளியே, கடல்நடுவே ஒரு தற்காலிகத் துறைமுகம். ஹைட்டிக்காக 2010இல் சேமப் படையிலிருந்து, அதாவது தேவைப்படும் நாளுக்கென்று நிறுத்தி வைக்கப்பட்ட கப்பல் கூட்டத்திலிருந்து, எழுப்பப்பட்ட கப்பல்களில் இந்த வகையைச் சேர்ந்த இரண்டு இருந்தன: ‘கார்ன்ஹஸ்கர் ஸ்டேட்’, ‘கோஃபர் ஸ்டேட்’. இடையில் ஒன்று சொல்ல வேண்டும். இக்கப்பல்கள் அமெரிக்க மாநிலங்களின் செல்லப்பெயர்களைத் தாங்கியவை. முதலாவது கடலையே காணாத நெப்ராஸ்காவின் சோளக்கதிர் உரிப்பவர்களின் பெயர். இரண்டாவது மினசோட்டாவில் வளை தோண்டி வாழும் ஒரு சிறு விலங்கின் பெயர். கரையைச் சுமந்துவரும் கப்பல்களுக்கு நிலத்தின் பெயர்கள் வாய்த்தது எனக்கு ஏனோ பொருத்தமாகவே படுகிறது.

படத்தில் பார்க்க எளிதாகத் தோன்றும் இந்த வேலை, பக்கத்தில் நின்று பார்த்தால் மூச்சை அடைக்கும். பெட்டியின் நான்கு மூலைகளிலும் தூக்குச் சட்டத்தின் பூட்டுகள் விழுந்து திரும்பினவா என்று ஒருவர் கண்ணால் பார்த்து உறுதி செய்கிறார். சிக்னல் கொடுப்பவர் கையை உயர்த்துகிறார். பெட்டி அடுக்கை விட்டு எழுகிறது. அந்த நொடியில் கிரேன் கப்பல் சுமையின் பக்கம் மெல்லச் சாய்கிறது. அதை ஈடுகட்ட, உள்ளே இருக்கும் தொட்டிகளின் நீர்நிலையை முன்கூட்டியே சரிபார்த்து வைத்திருக்க வேண்டும். பெட்டியின் மூலைகளில் கட்டிய கயிறுகளைப் பிடித்துக்கொண்டு ஆட்கள் அதன் சுழற்சியை அடக்கப் பார்க்கிறார்கள். கீழே மிதவை ஏறி இறங்குகிறது. மிதவை இறங்கும்போது பெட்டியை விட்டால், அடுத்த அலையில் மிதவை மேலேறி வந்து பெட்டியை மோதும்; ஏறி உச்சிக்கு வந்து ஒரு கணம் நிற்கும் அந்த இடைவெளியில் அமர்த்த வேண்டும். அந்தக் கணத்தைக் கிரேனை இயக்குபவரின் விரல்கள்தான் அறியும். ஒரு பெட்டிக்கு இத்தனை. கப்பலில் இருப்பவையோ நூற்றுக்கணக்கில்.

இதில் ஒளிந்திருக்கும் ஆபத்தைப் பள்ளிக்கூடத்து ஊசற்குண்டுப் பாடமே விளக்கிவிடும். 25 மீட்டர் நீளக் கம்பியில் தொங்கும் சுமை ஒருமுறை போய்வர ஏறத்தாழ 10 நொடி ஆகும். திறந்த கடலிலிருந்து வரும் நீண்ட அலைகளும் பலமுறை அதே 10 நொடி இடைவெளியில்தான் வருகின்றன. இரண்டும் ஒத்துப்போனால், ஊஞ்சலைத் தாளம் தவறாமல் தள்ளுவதுபோல ஒவ்வோர் அலையும் பெட்டியின் ஆட்டத்தைக் கூட்டிக்கொண்டே போகும். ஆகவே அலை ஒரு மீட்டரைத் தாண்டினாலே கைகள் தயங்கத் தொடங்கும்; கடல் இன்னும் கொஞ்சம் கொந்தளித்தால் வேலையை நிறுத்திவிட்டுக் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. கிரேன் கப்பலைச் சர்வரோக நிவாரணியாகப் பேசுபவர்கள் இந்த ஒரு மீட்டரை மறந்துவிடுகிறார்கள். போர்ட்-ஓ-பிரின்ஸ் ஆழ்ந்த வளைகுடாவின் உள்ளே ஒதுங்கி இருப்பதால் கடல் ஓரளவு ஒத்துழைத்தது. பெருங்கடலை நேராகப் பார்த்து நிற்கும் துறைமுகத்தில் அந்த வாய்ப்பு கிடைக்காது.

கிரேன் கப்பலின் பெயர் செய்தியில் வருவதற்கு முன்பே, பெயர் தெரியாத பலர் வேலையை முடித்திருப்பார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். கடலுக்கடியில் நிலம் சரிந்த இடத்தில் பழைய வரைபடத்தை நம்பிக் கப்பலை விட முடியாது. ‘ஹென்சன்’ என்ற அமெரிக்க அளவாய்வுக் கப்பல் ஒலி அலைகளால் கடலடியைத் தடவிப் பார்த்தது. அமெரிக்கக் கடலோரக் காவற்படையின் கப்பல்களும் வந்து நின்றன. கடற்படையினரும் தரைப்படையினருமான முக்குளிப்பவர்கள் தெற்குத் தளத்தின் அடியில் இறங்கி, உடைந்த தூண்களை ஒவ்வொன்றாகச் சீர்செய்தார்கள். ஜனவரி 20 அன்று வலுவான பின்னதிர்வு ஒன்று வந்தது. சேதமுற்ற தளத்துக்கு அடியில், கலங்கிய நீரில், மறுபடி நிலம் குலுங்கலாம் என்று தெரிந்தே வேலை செய்வது எத்தகையது என்பதை நாற்காலியில் அமர்ந்து எழுதும் நான் அளந்து சொல்ல முடியாது.

மிதவைக் கிரேன்களுக்கு இன்னொரு வேலையும் உண்டு: அடைப்பை எடுப்பது. 2011 மார்ச் 11 ஆழிப்பேரலைக்குப் பிறகு ஜப்பானின் வடகிழக்குத் துறைமுகங்களின் கால்வாய்களில் கன்டெய்னர்கள், கார்கள், மரக்கட்டைகள், படகுகள் எல்லாம் மூழ்கிக் கிடந்தன. கிரேன் பொருத்திய மிதவைகள் அவற்றை ஒவ்வொன்றாக அள்ளியெடுக்க, இரண்டு வாரங்களுக்குள் பல துறைமுகங்களில் ஓரிரு தளங்களாவது திறந்துகொண்டன. இந்த வேகத்துக்குக் கிரேன்கள் மட்டும் காரணமல்ல. கடல்சார் கட்டுமான நிறுவனங்களோடு அரசு அமைப்புகள் முன்கூட்டியே பேரிடர்க்கால ஒப்பந்தங்களைச் செய்து வைத்திருந்தன. யாரை அழைப்பது, எந்த விதிப்படி பணம் தருவது என்று பேரலை வடிந்த பிறகு உட்கார்ந்து பேச வேண்டிய நிலை அங்கே இல்லை.

என் கருத்து இங்கேதான் நிலைகொள்கிறது. பேரிடர் வரும் என்று தெரிந்த கடற்பகுதிகளில், கிரேன் கொண்ட கப்பலைத் தீயணைப்பு வண்டியைப் போலப் பொதுச்சொத்தாகக் கருத வேண்டும். தீப்பிடிக்காத நாளில் தீயணைப்பு வண்டி வீணாக நிற்கிறது என்று எவரும் குறைசொல்வதில்லை. ஆனால் பெரிய கிரேன் கப்பல்களை ஒவ்வொரு நாடும் கட்டி வைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அது நடக்காது, நடக்கவும் தேவையில்லை. சிறு துறைமுகங்களுக்குச் சென்றுவரும் சிறிய கன்டெய்னர் கப்பல்களில் கணிசமானவை இன்றும் தம் சொந்தக் கிரேன்களோடுதான் ஓடுகின்றன. அவை எங்கெங்கே இருக்கின்றன, எத்தனை டன் தூக்கும், எத்தனை நாளில் வந்து சேரும் என்ற பட்டியலை ஒரு வட்டாரத்தின் நாடுகள் சேர்ந்து வைத்துக்கொள்வதும், பேரிடர் நாளில் அவற்றை அமர்த்தும் விலையை அமைதியான நாளிலேயே பேசி முடிப்பதும் பெரிய செலவில்லாத காரியங்கள். இந்தோனேசியாவின் பாலு பகுதியை 2018 செப்டம்பரில் நிலநடுக்கமும் பேரலையும் தாக்கியபோது, பந்தோலோவான் துறைமுகத்தின் கரைக் கிரேன் விழுந்தது. அப்படிப்பட்ட இடத்துக்குத் தேவைப்படுவது பிரம்மாண்டமான கப்பல் அன்று. தன் பெட்டியைத் தானே இறக்கத் தெரிந்த நடுத்தரக் கப்பல்.

இறக்கியதோடு முடிந்துவிடாது என்ற எதிர்வாதம் நியாயமானது. 2017இல் மரியா புயலுக்குப் பிறகு போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவான் துறைமுகத்தில் ஆயிரக்கணக்கான கன்டெய்னர்கள் இறங்கிக் கிடந்தன. ஏற்றிச்செல்ல லாரி ஓட்டுநர்களும் டீசலும் சாலையும் இல்லை. சங்கிலியின் எந்தக் கண்ணி அறுந்ததோ அங்கேதான் சரக்கு தேங்கும். இதற்கு நான் சேர்ப்பது ஒன்றுதான்: இடிந்த துறைமுகத்தில் நேற்றுவரை வேலை செய்த கிரேன் ஓட்டுநரும் சுமைத் தொழிலாளரும் கப்பலை உள்ளே அழைத்துவரும் பைலட்டும் உயிரோடு இருந்தால், முதல் கூலி அவர்களுக்குப் போக வேண்டும். அந்த நீரின் குணம் அவர்களுக்குத் தெரியும். வீடிழந்த அவர்களுக்கு வேலையும் வேண்டும். வெளியிலிருந்து வந்தவர்கள் எல்லாவற்றையும் தாமே செய்துவிட்டுப் போனால், துறைமுகம் திறக்கும். துறைமுகத்தை நம்பிய குடும்பங்களுக்கு அது மூடியே கிடக்கும்.

கடைசியாக, சேமத்தில் நிற்கும் அந்தக் கிரேன் கப்பல்களைப் பற்றியே ஒரு வார்த்தை. அவை 1960, 70களில் கட்டப்பட்ட உடல்களில் கிரேன் பொருத்தப்பட்டவை. பெயருக்கு முன்னால் நிற்கும் ‘எஸ்.எஸ்.’ என்ற எழுத்துகள் அவை நீராவியில் ஓடுபவை என்பதைச் சொல்கின்றன. உத்தரவு வந்தால் 5 அல்லது 10 நாளில் புறப்பட வேண்டும் என்பது விதி. ஆனால் டீசல் எஞ்சினில் பயின்று வரும் இன்றைய கடற்பொறியாளர்களுக்கு நீராவிக் கொதிகலனைக் குளிரிலிருந்து எழுப்பி அழுத்தம் ஏற்றும் வேலை பழக்கமில்லை. பழகியவர்கள் ஓய்வு பெற்றுக்கொண்டிருக்கிறார்கள். புதிய கிரேன் கப்பலுக்கு நிதி ஒதுக்குவதா என்று விவாதிக்கும் மேசைகளில், இருக்கும் கப்பலின் கொதிகலனை அடுத்த பத்தாண்டில் யார் பற்றவைப்பார் என்பதையும் கேட்டுவிட்டு எழுந்தால் நல்லது.